நேர்ந்துவிட்ட முட்டி

“இந்தத் தடவை நீங்களே முட்டி போட்டு ஏறுங்க.”

சொல்லிவிட்டாள். “அந்த வீட்ல எதை வேணா பொறுத்துக்கோ. மாப்பிள்ளைகிட்ட மட்டும் ‘இதை நீங்க செய்யுங்க’ன்னு கேட்டுடாதேடி” என்று கல்யாணத்துக்கு முதல் நாள் அம்மா கதவைச் சாத்திக்கொண்டு சொன்னதை ஏழு வருஷம் காப்பாற்றியவள்.

சட்டை மாட்டிக்கொண்டிருந்த கணவனின் கை நடுப் பொத்தானில் நின்றது. வாசலில் வேன் ஹாரன் அடித்தது.

மாமியார் பையில் துண்டு அடுக்குவதை விட்டுவிட்டு நிமிர்ந்தார். “யாரு, எம்புள்ளையா? ஆம்பளைப் புள்ள ஊரே பாக்க முட்டி போடுறதா? ஸ்கூல்லகூட அவனை யாரும் முட்டி போட வெச்சதில்ல!”

“கல்லு அவருக்குத்தானே அத்தை இருந்துச்சு?”

மலைமேல் இருப்பவள் நோய் தீர்க்கும் அம்மன். நானூற்றுப் பன்னிரண்டு படி. நோய் தீர்ந்தால் வீட்டில் ஒருவர் முட்டி போட்டு ஏறுவதாக வேண்டிக்கொள்வார்கள். அந்த ஒருவர் யார் என்று அம்மன் ஒருநாளும் சொன்னதில்லை. இந்த வீடு சொல்லிவிட்டது. மாமியாருக்கு முட்டி மாற்றும் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, மருமகள் ஏறினாள். மாமனாருக்குச் சர்க்கரை இறங்கியது; மருமகள் ஏறினாள். இப்போது கணவனின் சிறுநீரகக் கல். உடைத்தது லேசர், புகழ் அம்மனுக்கு, முட்டி இவளுடையது.

அவளுக்கு ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுக்கிற வேலை. கனமான ஈய அங்கியை மாட்டிக்கொண்டு, “மூச்சை இழுத்துப் பிடிங்க, இப்ப விடுங்க” என்று நாள் முழுக்க நின்றுகொண்டே செய்கிற வேலை. போன வாரம் மதிய இடைவேளையில், கூட வேலை செய்கிறவளிடம் தன் முட்டியையே படம் எடுக்கச் சொன்னாள். எலும்பு டாக்டர் ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

“இந்த அம்மாவுக்கு அறுபது இருக்குமா?”

“முப்பத்தொண்ணு சார். நான்தான்.”

டாக்டர் ஃபிலிமை இன்னொரு முறை பார்த்தார். பிறகு, “இன்னொரு தடவை முட்டி போட்டு ஏறினீங்கன்னா, இந்த வேலையை மறந்துடுங்க. நிக்கவே முடியாது” என்றார்.

அதைத்தான் இப்போது கூடத்தில் நின்று சொன்னாள்.

“டாக்டருக்கு என்ன தெரியும்?” என்றார் மாமனார், டாக்டர் எழுதிக்கொடுத்த சர்க்கரை மாத்திரையை வாயில் போட்டுக்கொண்டே.

மாமியாருக்கு மனசு இளகிவிட்டது. “சரி சரி, அழாதே.” அவள் அழவில்லை. “நீ நொண்டுறதைப் பாத்து உன் முட்டிக்கும் நேத்தே வேண்டிக்கிட்டேன். ரெண்டையும் சேத்து நீ ஒரே தடவையா ஏறிடு. நான் என்ன கொடுமைக்காரியா?”

அவள் கைப்பையை எடுத்துக்கொண்டு வேனில் ஏறினாள். அடங்கிவிட்டாள் என்று மூன்று பேருக்கும் நிம்மதி.

மலையடிவாரத்தில் வேண்டுதல் சீட்டு எழுத ஒரு ஜன்னல். உள்ளே மூக்குக்கண்ணாடி போட்ட பெண் தலை நிமிராமல் கேட்டாள். “நோய் யாருக்கு? ஏறுறது யாரு?”

“கல்லு புள்ளைக்கு, முட்டி மருமகளுக்கு. ரெண்டுக்கும் மருமகதான் ஏறுறா” என்றார் மாமியார், பெருமையாக.

பேனா நின்றது. “முட்டி வலிக்கு முட்டி போட்டா?” சீட்டுக்காரி ஒருமுறை மருமகளைப் பார்த்தாள். “அதுவும் புதுசில்லம்மா. பதினோரு வருஷமா உக்காந்திருக்கேன். ஏறுறது பொம்பளைங்க. அடுத்த வருஷம் முட்டி போச்சுன்னு வேண்டிக்க வர்றதும் அதே பொம்பளைங்க. கூட்டம் குறையிறதே இல்ல.”

“நாங்க ரோடு வழியா வேன்ல போயிடுறோம்” என்றான் கணவன். “நீ பொறுமையா ஏறி வா. ரொம்ப லேட் பண்ணிடாதே, எனக்குப் பசி தாங்காது.” அக்கறையுள்ள மனிதன்.

அவள் முதல் படியருகே போனாள். பார்த்தாள். திரும்பி வந்து, மூவரும் ஏறி உட்கார்ந்திருந்த வேனின் முன் கதவைத் திறந்து டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“போலாம்ணே.”

டிரைவர் பின்னால் திரும்பி மூன்று முகங்களைப் பார்த்தார். சுற்றிலும் கூட்டம், கத்துவதற்கு மூவருக்கும் கௌரவம் இடம்கொடுக்கவில்லை. வண்டி கிளம்பியது.

மேலே, சன்னதியில், இரண்டு காலிலும் நின்று கைகூப்பினாள். வெகுநேரம் நின்றாள். வெளியே வந்ததும் மாமியார் மண்டபத் தூணோரம் மடக்கினார்.

“வேண்டுதல் அப்படியே நிக்குதேடி! அம்மன் கோவிச்சுக்க மாட்டாளா?”

“அம்மன்கிட்ட சொல்லிட்டேன் அத்தை.”

“என்னன்னு?”

“வேண்டிக்கிட்டவங்களும் வந்திருக்காங்க, நோய் தீர்ந்தவரும் வந்திருக்காரு, அவங்களையே கேட்டுக்கோ தாயேன்னு.”

கணவன் பல்லைக் கடித்தான். “வீட்டுக்கு வா, பேசிக்கிறேன்.”

“வீட்டுக்கு வரல. எங்க ஆஸ்பத்திரி நர்ஸோட தங்கப்போறேன். தரைத்தள வீடு, படியே கிடையாது. சர்டிபிகேட், துணிமணி எல்லாம் கொண்டுபோய் வெச்சு மூணு நாளாச்சு. இன்னும் யாரும் கவனிக்கலையே!”

“நாலு பேரு என்ன பேசுவாங்க?” என்றார் மாமனார்.

“படி ஏற ஆள் தேடுறாங்கன்னு பேசுவாங்க மாமா.”

அவள் நடக்கத் தொடங்கினாள். மாமியார் சன்னதி பக்கம் திரும்பி, தலைக்குமேல் கைகூப்பி, மண்டபமே கேட்கும்படி வேண்டினார். “தாயே! இவ புத்தி தெளிஞ்சு வீடு வந்து சேந்துட்டா, உன் படி அத்தனையும் முட்டி போட்டு...”

மகனைப் பார்த்தார், மகன் மண்டபத்துக் கூரையைப் பார்த்தான். தன் கணவரைப் பார்த்தார், அவர் அவசரமாகச் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார்.

அதற்குள் அவள் கோயில் வாசலைத் தாண்டி, இடது காலைக் கொஞ்சம் இழுத்து இழுத்து, பஸ் நிற்கிற பக்கம் போய்க்கொண்டிருந்தாள்.