இனியாவின் மூக்கு

ஆம்பூர்ப் பக்கத்து ஜனங்களுக்கு ஏலகிரி கூப்பிடு தூரம். அதனாலேயே சோபனா கல்யாணமாகி எட்டு வருஷமாக அங்கே போகவில்லை. எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்கிற இடத்துக்கு யார்தான் போகிறார்கள்? மகள் இனியாவின் வகுப்பில் எவளோ ஒருத்தி மலைமேல் கூடாரத்தில் தங்கிவிட்டு வந்து கதை அளந்துவிட்டாள். அன்றிலிருந்து வீட்டில் ஒரே அழுகை. ஆறு வயசுப் பிள்ளை சும்மா விடுமா? ஒரு சனிக்கிழமை புருஷன் இளம்பரிதி எல்லோரையும் கிளப்பிவிட்டான்.

அவனுக்குத் தோல் ஷாப்பில் சுண்ணாம்புத் தொட்டி வேலை. பச்சைத்தோலில் முடி கழல மருந்து போட்டு ஊறவைக்கிற இடம். அழுகிய முட்டை நாற்றம் அங்கே வருஷம் முழுக்கக் குடியிருக்கும். சோபனாவுக்கு ஷூ கம்பெனியில் அடிப்பாகம் ஒட்டுகிற சொல்யூஷன் பசை தடவுகிற வேலை, பதினோரு வருஷமாக. அவன் வேலை விட்டு வந்ததும் இனியா மூக்கைப் பிடித்துக்கொண்டு "நாத்தம்" என்பாள். அவன் முகம் சுண்டிப்போகும். அதுதான் நமக்குச் சோறு போடுகிறது, அந்த வார்த்தையைச் சொல்லக் கூடாது என்று சோபனா அவளைத் தொடையில் கிள்ளிக் கிள்ளிப் பழக்கியிருந்தாள். தோல் வேலைக்காரர் வீடுகளில் பிள்ளைக்கு ஆனா ஆவன்னாவுக்கு முன்னால் சொல்லித்தருகிற பாடம் இது.

பதினாலு வளைவும் ஏறி, ஏரியில் படகு விட்டு, கூடாரத்துக்கு வந்து சேர்வதற்குள் மழை பிடித்துக்கொண்டது. உள்ளே ஓடி ஜிப்பை இழுத்து மூடினார்கள். இளம்பரிதி நனைந்த ஜெர்கினைக் கழற்றி மூலையில் போட்டான். வேலைக்குப் போட்டுப் போகிற அதே ஜெர்கின். டீ போடலாம் என்று சோபனா, கூடாரக்காரர்கள் கொடுத்த சின்ன கேஸ் அடுப்பை உள்ளேயே வைத்து சிலிண்டரில் மாட்டினாள்.

"அம்மா, நாத்தம் அடிக்குது," என்றாள் இனியா.

இளம்பரிதி ஜெர்கினை எடுத்து மடியில் சுருட்டிக்கொண்டான். சந்தோஷமாக இருக்க வந்த இடத்திலுமா என்று சோபனாவுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. பிள்ளை முதுகில் ஓங்கி ஒன்று வைத்தாள்.

"எத்தினி வாட்டி சொல்லிக்கிறேன், அப்பா முன்னாடி அத்த சொல்லாதன்னு."

இனியா அழுகையை விழுங்கிக்கொண்டு ஒடுங்கினாள். சோபனா லைட்டரை எடுத்தாள். ஈரம், இரண்டு தடவை அழுத்தியும் பற்றவில்லை. மூன்றாவது தடவை அழுத்துவதற்குள் ஜிப் வெளியிலிருந்து சரக்கென்று திறந்தது. பக்கத்துக் கூடாரத்து உமர் ஃபாரூக், மத்தியானம் பேரீச்சம்பழம் கொடுத்த மேல்விஷாரத்துக்காரர்.

"கொளுத்தாதம்மா, கேஸு லீக்காவுது."

லைட்டரைப் பிடுங்கி எறிந்தார். மூவரையும் வெளியே விரட்டி, சிலிண்டரை மழையில் இழுத்துப் போட்டுத் திருகை மூடினார். எங்கள் கூடாரம் வரைக்கும் நாறுகிறதே, உங்கள் இரண்டு பேருக்குமா தெரியவில்லை என்று கேட்டார்.

தெரியவில்லை. பத்தடி தள்ளி அவர் மனைவி துப்பட்டாவால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றாள். இளம்பரிதி கூடாரத்துக்குள் தலையை விட்டு மூச்சை இழுத்துப் பார்த்தான். பிறகு சோபனா இழுத்துப் பார்த்தாள். ஒன்றுமே இல்லை. தாளிப்பு கருகினால்கூடத் தனக்குத் தெரிவதில்லை என்பதை ஒரு வருஷமாக அவள் யாரிடமும் சொன்னதில்லை. அவனும் அப்படித்தான் மறைத்திருக்கிறான் என்பது அவன் முகத்தைப் பார்த்ததும் புரிந்தது. வீட்டிலும் கேஸ் அடுப்புதான். அடுப்புக்கு நாலடி தள்ளித்தான் பிள்ளை படுக்கிறது. வேலையை விட முடியாது. விட்டாலும் போன மூக்கு திரும்பி வருமா?

கூடாரக்கார ஆள் வந்து வாஷரை மாற்றினான். இனிமேல் பயமில்லை என்று அடுப்பை வைத்துவிட்டுப் போனான். சோபனா மகளை இழுத்து மடியில் உட்கார வைத்துக்கொண்டு, பற்றவைக்காமலே அடுப்பின் திருகைத் திறந்து கொஞ்சம் கேஸை வெளியே விட்டாள்.

"கண்ணு, இப்போ நாத்தம் வருதா? அம்மா அடிக்க மாட்டேன், சொல்லு."

இனியா அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். அம்மாவின் கையைப் பார்த்தாள்.

"இல்லம்மா."

நன்றாக மோந்து பார்த்துச் சொல் என்று இளம்பரிதி கெஞ்சினான்.

"எனக்கு எப்பவுமே நாத்தம் வராதுப்பா," என்றாள் பிள்ளை.