அம்மாதான் போட்டவ

“எந்தக் கீயெண்டாலும் ஒண்டை அமத்தட்டாம்,” என்றாள் யோகமலர்.

“அப்ப அமத்துமன். பிந்தினால் அது திரும்பப் பழசுக்குப் போயிடும்,” என்றார் கட்டிலில் கிடந்த இரத்தினசிங்கம்.

அவள் அவசரத்தில் நாலைந்து தரம் அடித்துவிட்டாள். கணினித் திரை கறுத்து, பிறகு நீலமாயிற்று. பெட்டிக்குள் சீடி சுற்றத் தொடங்கிய சத்தம் கேட்டதும் அவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பினார்.

“ம், சுத்துது.”

கட்டில் முன்னறையில்தான் கிடந்தது. இனி வைத்திருந்து பலனில்லை, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று ஆசுபத்திரியில் சொல்லி அனுப்பியபோது, உள்ளறைக்குப் போக மாட்டேன் என்று பிடிவாதமாக நின்றுவிட்டார். துறைமுகத்தில் சரக்கு அலுவலகத்துக் கிளாக்கராக இருந்து இளைப்பாறியவர், பாலையூற்று வீட்டின் இந்த முன்னறையில் கணினி வகுப்பு நடத்தி வந்தார். சீனி வருத்தம் முதலில் அவருடைய கண்களை எடுத்தது. கண் போன பிறகும் வாயாலேயே வகுப்பு நடத்தினார். இப்போது அது சிறுநீரகங்களையும் எடுத்துவிட்டிருந்தது. பிள்ளைகளின் கதிரைகளைச் சுவரோரம் அடுக்கி, அவற்றின் மேல் அவருடைய மாற்றுச் சாரங்களை மடித்து வைத்திருந்தாள் யோகமலர்.

இந்த வேலையை லாபிர்தான் செய்திருக்க வேண்டும். இரத்தினசிங்கத்திடம் முதன்முதலில் படித்த பிள்ளைகளில் ஒருவன் அவன். இப்போது துறைமுக வீதியில் கொமினிகேசன் கடை வைத்திருக்கிறான். கனடாவில் இருக்கிற மகன் கோணேஸ் கணினி வழியாகத் தகப்பனைப் பார்க்க வேண்டும் என்று கேட்டதால், தேசிக்காய் அளவில் ஒரு கமராவையும் இரண்டு சீடிகளையும் நேற்றுக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போயிருந்தான்.

“உங்கட விண்டோஸ் தொண்ணூத்தெட்டில இந்தக் கமரா வேலை செய்யாது சேர். எக்ஸ்பி போட்டாத்தான் சரி. நாளைக்குக் காலையில வந்து போட்டுத் தாறன்,” என்றிருந்தான்.

விடிந்தபோது ஹர்த்தால். கடைகள் திறக்கவில்லை. சந்தியில் டயர் எரித்திருந்தார்கள். காலையிலும் மத்தியானமும் சைக்கிளில் வந்த லாபிரை ஆமிச் சென்றியில் இரண்டு தரமும் மறித்துத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அதை அவன் தொலைபேசியில் சொன்னபோது யோகமலர் ரிசீவரை வைத்தாள்.

“நீர் போடும்,” என்றார் அவர்.

“நானோ?”

“வேற ஆர்? வாசிக்க உமக்குக் கண் இருக்கு. சொல்ல எனக்கு வாய் இருக்கு.”

“நாளைக்கு லாபிர் வரட்டுமே.”

அவள் இன்னொரு தரம் கேட்கவில்லை. நேற்றுப் பின்னேரம் தொடங்கி அவருடைய மூச்சில் ஒரு மாற்றம் இருந்தது. இழுத்தபின் கொஞ்சம் நின்று, மறந்துபோனது ஞாபகம் வந்தாற்போல் மறுபடி இழுத்தது.

கோணேஸை ஒருமுறை ஆமி சுற்றிவளைப்பில் பிடித்துப் போய், அடித்து, விட்டார்கள். அதற்குப் பிறகு அவனை நாட்டில் வைத்திருக்க அவர்களுக்கு மனம் வரவில்லை. போன இடத்தில் அவனுடைய அகதி வழக்கு இன்னும் முடியவில்லை. முடியாமல் வெளிக்கிட்டால் திரும்பிப் போக ஏலாது. ஞாயிறுதோறும் போன் எடுப்பான். போன ஞாயிறு எடுத்தபோது, “அப்பாவை ஒருக்காப் பாக்கோணும் அம்மா,” என்று சொன்னான். அவள் அதை அவரிடம் சொன்னாள். அவர் யோசித்தார்.

“எனக்கு அவனைத் தெரியப்போறேல்லை. அவனுக்கு என்னைத் தெரியும்தானே. பாக்கட்டும்.”

திரையில் இங்கிலீசு வரிசை வரிசையாக வந்து நின்றது. யோகமலர் பத்தாம் வகுப்பு வரை படித்த இங்கிலீசை எழுத்துக் கூட்டி வாசித்தாள்.

“எஃப் எட்டை அமத்தினால் சம்மதமாம்.”

“எதுக்குச் சம்மதமாம்?”

“பெரிய கட்டுரையாக் கிடக்கு.”

“அது எல்லாத்திலையும் உள்ளதுதான். ஒருத்தரும் வாசிக்கிறேல்லை. அமத்தும்.”

அமத்தினாள். அவர் கண்களை மூடிக்கொண்டார். திறந்திருந்தாலும் மூடியிருந்தாலும் அவருக்கு ஒன்றுதான். ஆனாலும் யோசிக்கும்போது மூடுகிற பழக்கம் போகவில்லை.

இந்தப் பெட்டிக்குள் இருக்கிறதைப் பற்றி யோகமலருக்குத் தெரிந்ததெல்லாம் அது அவரை என்ன செய்தது என்பதுதான். முதலில் டொஸ். அலுவலகத்துக்கு முதல் கணினி வந்தபோது கறுப்புத் திரையில் பச்சை எழுத்துகள் மட்டும்தான். அதற்குரிய கட்டளைகளை அவர் குளிக்கும்போது கிணற்றடியில் முணுமுணுப்பார். ஒரு புள்ளி பிழைத்தாலும் அது கேட்காதாம். மேலதிகாரியைவிடக் கடும்பிடி என்பார். பிறகு விண்டோஸ் மூன்று தசம் ஒன்று வந்தது. அதைக் கொழும்பில் போய்ப் பிளொப்பிகளில் வாங்கிக்கொண்டு பஸ்ஸில் வந்தார். வழியில் சோதனையில் நின்ற ஆமிக்காரப் பொடியன் ஒவ்வொரு பிளொப்பியின் தகட்டையும் இழுத்து இழுத்து உள்ளே பார்த்தான். அதில் ஒன்று பழுதாகிவிட்டது. அந்த ஒன்றுக்காக மறுபடி கொழும்புக்குப் போனார். இந்த நிலைமையில், இந்த றோட்டில், ஒரு பிளொப்பிக்காக உயிரைக் கொண்டுபோய்க் கொடுக்கப் பார்க்கிறீர்களா என்று அவள் கத்தினாள். அவர் திரும்பி வந்து அதைப் போட்டு, அம்பைப் போல ஒன்று திரையில் ஊருவதைக் காட்டி, “எலியைத் தள்ளிப் பாரும்,” என்றார். அவள் கோபத்தில் தள்ளவில்லை.

தொண்ணூற்றைந்து வந்தபோது கோணேஸுக்கு மீசை அரும்பிய வயது. தகப்பனும் மகனும் இந்த மேசைக்கு முன்னால் ஒரு கதிரையைப் பாதி பாதியாகப் பங்கிட்டு இருந்தார்கள். சோறு ஆறிப்போகும். தொண்ணூற்றெட்டைப் போட்டபோது அவன் இல்லை. அவர் தனியாகத்தான் போட்டார். அப்போதே எழுத்து மங்கத் தொடங்கிவிட்டது. எழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கி வைத்தார். கடைசியில் திரை முழுவதும் ஒரு சொல்தான் நின்றது. அதையும் மூக்கு முட்டக் கிட்டப் போய்ப் பார்த்தார். அடுத்த மாதம் அதுவும் தெரியவில்லை.

எக்ஸ்பியை அவர் கண்டதில்லை. லாபிர் சொல்லக் கேட்டதோடு சரி.

“என்ன நிக்குது இப்ப?”

“சி டிறைவை போமற் பண்ணவோ எண்டு கேக்குது.” அவள் நிறுத்தினாள். “பண்ணினால் உள்ளுக்கை இருக்கிற எல்லாம் அழியும் எண்டும் போட்டிருக்கு.”

“அழியும்.”

“உங்கட பாடங்கள் எல்லாம் அதுக்கைதானே?”

வகுப்புக்காக அவர் தமிழில் தட்டி வைத்த பாடங்கள் அவை. டொஸ்ஸிலிருந்து ஒவ்வொன்றாக மாற்றி மாற்றி எழுதியவை. கண் போன பிறகும் அவர் சொல்லச் சொல்ல அவளே இரண்டு மூன்றைத் தட்டியிருக்கிறாள்.

“அதெல்லாம் தொண்ணூத்தெட்டுக்கு எழுதினது,” என்றார் அவர். “இனி ஆருக்கு? பழசு கிடந்தால் புதுசுக்குக் கரைச்சல். அமத்தும்.”

அவள் விரலை என்டரில் வைத்துக்கொண்டு கொஞ்சநேரம் இருந்தாள். வெளியே கடற்படை லொறி ஒன்று போயிற்று. ஹர்த்தால் நாள் என்பதால் அதன் சத்தம் சந்தி திரும்பி நெடுந்தூரம் போகும்வரை கேட்டது.

“மலர்?”

“அமத்திட்டன்,” என்று சொல்லிவிட்டு அமத்தினாள்.

அது அழிக்கட்டும் என்று விட்டு, கிண்ணத்தில் தண்ணீர் எடுத்து வந்து துணியால் அவருடைய உதடுகளை நனைத்தாள். குடிக்கக் கொடுக்கக்கூடாது என்று சொல்லியிருந்தார்கள். கால்கள் வீங்கிப் பளபளத்தன. பாதத்தைத் தொட்டாள். குளிராக இருந்தது. அவர் கவனிக்காதபடி போர்வையை இழுத்து மூடினாள்.

“குளிருதோ எண்டு கேளுமன். ஏன் ஒளிக்கிறீர்?” என்றார்.

தொலைபேசி அடித்தது. லாபிர்.

“அக்கா, எங்க நிக்கிது?”

“பச்சைக் கோடு ஒண்டு ஓடுது. முப்பத்தொன்பது நிமிசம் மிச்சமாம்.”

“அப்ப சரியான வழிதான். சேர் எப்பிடி?”

அவள் கொஞ்சம் தயங்கினாள். அவருக்குக் காது நல்ல கூர்மை.

“கதைச்சுக்கொண்டுதான் இருக்கிறார்.”

லாபிருக்கு விளங்கியிருக்க வேண்டும். “நான் மத்தப் பக்கத்தால சுத்தி வரப் பாக்கிறன் அக்கா. கோணேஸுக்கு இப்பவே போன் எடுத்து, ஆயத்தமா இருக்கச் சொல்றன். நீங்க விடாமப் போடுங்க,” என்றான்.

“அது சொல்லுற நிமிசத்தை நம்பாதையும்,” என்றார் இரத்தினசிங்கம், அவள் திரும்பி வந்ததும். “தொண்ணூத்தைஞ்சும் இப்பிடித்தான். ஒரு நிமிசம் எண்டு சொல்லிப்போட்டு ஒரு தேத்தண்ணி குடிச்சு முடியுமட்டும் நிக்கும்.”

அவர் சொன்னது போலவே அது சில நிமிடங்களில் கனநேரம் நின்றது; சிலவற்றை அப்படியே தாண்டிப் பாய்ந்தது. இடையிடையே அவர் “எத்தினை?” என்று கேட்டார். அவள் சொன்னாள். ஒருமுறை அவர் கேட்கவில்லை. மூச்சு வரும்வரை அவள் கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். வந்தது.

“நேர்ஸ் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வரட்டோ? நடந்து போயிடுவன்.”

“முதல் இதை முடியும்.”

திரை ஒரு பெட்டியைக் காட்டி நின்றது. “பேர் கேக்குது. உங்கட பேரைப் போடுறன்.”

“உம்மட பேரைப் போடும்.”

“ஏன் என்ர?”

“இனி நீர்தானே இதை வைச்சிருக்கப் போறீர்.”

அவள் திரும்பி அவரைப் பார்த்தாள். அவர் கூரையைப் பார்த்தபடி கிடந்தார். ஒற்றை விரலால் ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தன் பெயரைத் தட்டினாள். இங்கிலீசில் அது அவள் நினைத்ததைவிட நீளமாக இருந்தது.

பெட்டி ஒருதரம் அணைந்து மறுபடி எழும்பியது. இசை ஒன்று கேட்டது. இரத்தினசிங்கத்தின் முகம் மாறியது.

“பாட்டும் மாறிப்போச்சு. என்ன தெரியுது? சொல்லும்.”

“புல்லு மேடு. நல்ல பச்சை. மேலை நீல வானம், வெள்ளை மேகம்.”

“மனிசர்?”

“ஒருத்தரும் இல்லை. வீடு வாசல் இல்லை. ஒரு மாடுகூட இல்லை.”

“சென்றி?”

“அதுவும் இல்லை.”

“அப்ப நல்ல இடம்தான்,” என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, அவரை அரைவாசியாக மடக்கியது. அவள் முதுகைத் தடவினாள். துப்பியதைத் துணியில் ஏந்தி, மடித்து, அவருக்குத் தெரியாது என்று தெரிந்தும் பின்னால் ஒளித்தாள்.

கமராவுக்குரிய மற்றச் சீடியைப் போட்டு, கேட்டதற்கெல்லாம் ஓம் ஓம் என்று அமத்தினாள். கமராவின் வயரைச் செருகினாள். மோடம் வழக்கம்போல் கீச்சிட்டு இரைந்து அடங்கியது. தொலைபேசி இனி வேலை செய்யாது. உள்ள ஒரு லைனும் இதற்குத்தான். லாபிர் கடதாசியில் எழுதி வைத்தபடி ஒன்றன்பின் ஒன்றாகச் செய்தாள். சின்னப் பெட்டி ஒன்று திறந்தது. இருண்டது. பிறகு அதற்குள் கோணேஸ் இருந்தான்.

அங்கே இன்னும் சரியாக விடியவில்லைப் போலும். இரவு வேலையால் வந்த சட்டையோடு இருந்தான். முன்நெற்றி ஏறிவிட்டிருந்தது. அவன் தலையைத் திருப்பினால் திருப்பியது தெரிவதில்லை. முதலில் ஒரு பக்கம் இருந்தான், பிறகு மற்றப் பக்கம் இருந்தான்.

“அம்மா, கேக்குதே?”

“கேக்குது ராசா.”

“எப்பிடி இருக்கிறான்?” என்றார் அவர்.

“உங்களைப் போலத்தான்,” என்றாள். கமராவைத் தூக்கி, கட்டில் முழுவதும் தெரியும்படி மேசை விளிம்பில் வைத்தாள். மைக்கின் வயரை இழுத்து அவருடைய தலையணையில் வைத்தாள்.

ஸ்பீக்கரில் இரைச்சல் மட்டும் வந்தது.

“அப்பா,” என்றான் கோணேஸ் கடைசியில்.

“தம்பி, அங்கை எதிலை இருக்கிறாய்? எக்ஸ்பியோ?”

“ஓமப்பா.”

“இஞ்சையும் எக்ஸ்பிதான். இப்பத்தான் போட்டது.” மூச்சு நின்று, வந்தது. “அம்மாதான் போட்டவ. ஒரு இடத்திலையும் பிழை விடேல்லை.”

“உண்மையாவோ? அம்மாவோ?”

“பேரும் அவவின்ரதான் கிடக்கு.”

அவன் சிரித்தான். அழுதானோ தெரியவில்லை. அந்தச் சின்னப் பெட்டிக்குள் இரண்டும் ஒன்றுபோலவே இருந்தன. சாப்பாடு எப்படி, குளிர் எப்படி என்று அவர் கேட்டார். அவன் எல்லாவற்றுக்கும் நல்லம் நல்லம் என்றான். அப்பா மெலிந்து போனீர்கள் என்று அவன் சொல்லவில்லை. வழக்கு என்னாச்சு என்று அவரும் கேட்கவில்லை. தொண்ணூற்றைந்தைப் போட்ட அன்று கரண்ட் போனது நினைவிருக்கிறதா என்றான் அவன். திரும்ப முதலிலிருந்து போட்டோம் என்றார் அவர். மெதுவாகத்தான் சொன்னார். கேட்டிருக்குமோ தெரியாது. பிறகு அவன்தான் பேசினான். யோகமலர் அவனுடைய முன்நெற்றியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா, அப்பான்ர படம் நிண்டிட்டுது,” என்றான் கோணேஸ். “கனநேரமா அசையேல்லை. லைன் ஹாங் ஆயிட்டுது போலை.”

யோகமலர் கட்டிலைத் திரும்பிப் பார்த்தாள். எழுந்து கிட்டப் போய் மூச்சுக்காகக் காத்திருந்தாள். முன்பு காத்திருந்ததைவிடக் கூடக் காத்திருந்தாள்.

“அம்மா, இப்ப நீங்கள் அசையிறது தெரியுது,” என்றான் அவன். அடுத்த படத்தில் அவனுடைய முகம் திரைக்கு மிகக் கிட்ட இருந்தது.

அவளை அறியாமலே, அவன் பார்க்காதபடி, ஒரு கதிரையை இழுத்துக் கமராவுக்கும் கட்டிலுக்கும் நடுவில் விட்டுவிட்டாள். அதன் முதுகைப் பிடித்தபடி நின்றாள். ஸ்பீக்கரில் இரைச்சல் வந்துகொண்டே இருந்தது, அவன் வெட்டவில்லை.

“வெட்டிப்போடாதை தம்பி. இரு,” என்றாள்.

கதிரையை எடுத்துத் திரும்பச் சுவரோரம் வைத்தாள். கட்டிலின் மற்றப் பக்கம் போய், வெளிச்சத்தை மறைக்காமல் நின்றாள். பிறகு, அங்கே படம் துள்ளாமல் தன்னோடு கூடி வரட்டும் என்று, மிக மெதுவாக அவருடைய கையைத் தூக்கி நெஞ்சின் மேல் வைத்தாள்.