முன் டயரின் வெளிவிளிம்பு

மாதப்பிறப்புதோறும் காரின் நான்கு டயருக்கும் கோமதியம்மாள் சந்தனப் பொட்டு வைப்பாள். கரமனையில் அந்தத் தெருவுக்கே ஒரு கார்தான். சாமிக்கு ஒரு பொட்டு குறைந்தாலும் அதற்குக் குறையாது. பங்குனி முதல் தேதி, ஞாயிறு, முன்சக்கரத்தில் விரலை வைத்தாள். வழுக்கிக்கொண்டு போயிற்று. சந்தனம் அப்பிக்கொள்ளும் பள்ளம் வெளிவிளிம்பில் இல்லவே இல்லை. தீபாவளிக்குப் போட்ட புது டயர்!

அவள் புருஷன் ஆறுமுகநயினாருக்குச் சாலைக் கடைத்தெருவில் பருப்பு மண்டி. வீட்டிலிருந்து இரண்டே மைல். ஞாயிறன்று மட்டும் சரக்குப் பார்க்க நாகர்கோவில் போவதாகச் சொல்லுவார்.

எதிர்வீட்டு ஸ்கூட்டருக்குப் பஞ்சர் ஒட்டிக் கொண்டுவந்த வன்னியராஜைச் சைகையால் கூப்பிட்டாள். அவன் குனிந்து விளிம்பைச் சுரண்டினான்.

"நூலு தெரியுது பாருங்கம்மா. இனி ஓட்டப்பிடாது. வெடிச்சிரும், கேட்டோ."

"அஞ்சு மாசத்துலயா?"

"நேர்ரோடுன்னா சமமாத் தேயும். வெளிவக்கை மட்டும் தின்னுருக்குன்னா, ஒண்ணு அலைன்மென்ட் போயிருக்கணும். இல்லேன்னா வளைவுரோடு. பொன்முடி போற டாக்சி டயரெல்லாம் இப்பிடித்தான். சாரு மலையேறுதாரோ?" என்று சிரித்துவிட்டுப் போனான்.

அலைன்மென்ட் என்று அவன் சொன்னது அவள் காதில் ஏறவே இல்லை. பொன்முடிக்கு ஏறும் வளைவுரோட்டில்தான் கல்லாறு. கல்லாற்றில் உலகம்மையின் சாயாக்கடை. இரண்டு வருஷம் முன்புவரை மண்டியில் பருப்புப் புடைத்தவள். அவளுக்குக் கடை வைத்துக் கொடுத்தது யார் என்று தெருவில் நாலு விதமாகச் சொல்லுவார்கள். நாலிலும் ஆள் ஒருவர்தான்.

சொன்னால் புது டயர் போட்டுக்கொண்டு இன்னும் சொகுசாக மலையேறுவார். சொல்லாவிட்டால், ஏதோ ஒரு வளைவில்... கை தானாகத் தாலியைப் பிடித்துக்கொண்டது. கோபத்திலா பயத்திலா, அவளுக்கே நிச்சயமில்லை.

நயினார் பவுடர் மணக்க வெளியே வந்து காரில் உட்கார்ந்தார். மறுபக்கக் கதவைத் திறந்து அவளும் ஏறினாள்.

"நீ எங்கட்டி?"

"நானும் வாரேன். நாகர்கோவில் வேண்டாம். கல்லாறு போவோம், தண்ணி நல்லா ஓடுதாம்."

இருபது வருஷமாக இந்த ஊரில் வண்டி ஓட்டும் மனுஷர் கேட்டார்: "கல்லாறா? அது எந்தப் பக்கம்?"

"முன் டயரு போயிட்டு. வளைவுல வெடிக்குமாம், வன்னியராஜ் சொன்னான். தெரிஞ்சுதான் ஏறியிருக்கேன். எடுங்க."

அவர் சாவியைத் திருகவில்லை. கை மட்டும் ஸ்டீயரிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருப்பிக்கொண்டிருந்தது. நின்ற இடத்திலேயே சக்கரம் மணலை அரைத்தது. எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. பிறகு அதற்கு அடுத்த வீட்டு ஜன்னலும்.