ஏகாம்பரத்தின் எதிர்மடக்கை

ஏகாம்பரம் இப்போது 2.23 சென்டிமீட்டர் உயரம் இருந்தார். ஜவுளிக்கடையில் ஸ்டாக் எடுக்கும் நாளில் ஊழியர்களையும் ரேக்கில் அடுக்கியாக வேண்டும். அதற்காகக் காலையில் எல்லாரையும் மடக்கைக்கு, அதாவது லாகரிதத்துக்கு, மாற்றுவார்கள். சாயங்காலம் எதிர்மடக்கை போட்டுப் பழையபடி ஆக்கிவிடுவார்கள். இந்த வருஷமும் மற்ற எல்லாரும் திரும்பிவிட்டார்கள். ஏகாம்பரம் மட்டும் மூன்று வாரம் கழித்து ஒரு பாப்ளின் கட்டுக்குள் கிடைத்தார்.

அவர் மனைவி வேதவல்லி அவரைச் சோப்பு டப்பாவில் வைத்து மடக்கை அலுவலகத்துக்கு எடுத்துப் போனாள். எதிர்மடக்கை கவுன்ட்டருக்கு இன்றுதான் கடைசி நாள். ஐந்து மணிக்கு மூடினால் மூடியதுதான். அப்புறம் ஆயுளுக்கும் சோப்பு டப்பா.

தாழ்வாரம் கதவுக்குக் கதவு பத்து மடங்கு நீண்டது. கதவு எண் மட்டும் ஒன்று ஒன்றாகத்தான் கூடியது. முதல் கதவு பத்தடியில் வந்தது. இரண்டாவது நூறடியில். கவுன்ட்டர் நான்காவது கதவில் இருந்தது. போய்ச் சேர்ந்தபோது மணி நாலே முக்கால்.

குமாஸ்தா லூர்துராஜ் கடையில் மாற்றியபோது கொடுத்த சீட்டைப் புரட்டினார். எந்த எண்ணை வைத்துச் சுருக்கினார்கள் என்று எழுதும் அடிமானம் என்ற கட்டம் காலியாக இருந்தது. அது தெரியாமல் ஆளை விரிக்க முடியாது என்றார். பத்து என்றால் 170 சென்டிமீட்டர் வருவார். இரண்டு என்றால் ஐந்துகூட வரமாட்டார்.

வேதவல்லி டப்பாவைத் திறந்தாள். ஏகாம்பரத்தின் கையில் துணி அளக்கும் மீட்டர் கோல் இருந்தது. முன்பு நூறு சென்டிமீட்டர். இப்போது இரண்டு.

“எதை ரெண்டு தடவை போட்டுப் பெருக்கினா நூறு வரும் ஸார்?”

லூர்துராஜ் விரல் விட்டுக் கணக்குப் பார்த்தார். பிறகு கட்டத்தில் பத்து என்று எழுதினார். அதில் அவருக்கு வருத்தம் போலிருந்தது.

அடுத்த வரியில் பேனா நின்றது. சீட்டில் 4.23 என்று இருந்தது.

“ஏம்மா, கோலோடயா மாத்தினாங்க? ஒரே சீட்டுல?”

“ஆமா ஸார்.”

அங்கே நிஜ அளவில் பெருக்குவது இங்கே மடக்கையில் கூட்டல் என்று அவர் விளக்கினார். ஆள் 2.23, கோல் 2. இங்கே இரண்டும் கூடி நிற்கின்றன. விரித்தால் பெருகிவிடும். 170 பெருக்கல் நூறு. பதினேழாயிரம் சென்டிமீட்டர், அதாவது 170 மீட்டர். வீட்டு நிலைவாசல் எவ்வளவு உயரம் என்று கேட்டார். ஆறடி என்றாள். அதையும் குறித்துக்கொண்டார்.

“கோலைக் கழிச்சிட்டா சரியா வருவாரு. விடச் சொல்லுங்க.”

“கழிச்ச கோலு எங்க போகும்?” என்று டப்பாவிலிருந்து கேட்டது.

“கழிச்சதுக்கு இடம் கிடையாது.”

ஏகாம்பரம் கோலை மார்போடு அணைத்துக்கொண்டார்.

வேதவல்லி கெஞ்சிப் பார்த்தாள். கடையில் வேறு கோல் இல்லையா என்றாள். ரேஷன் கார்டு போட்டோவுக்கு ஆள் பொருந்த வேண்டாமா என்றாள். அவர் மசியவில்லை. பத்தொன்பது வருஷமாக ஒரு விரற்கடைகூடக் குறைத்து அளந்ததில்லை என்று ஊரே சொல்கிறது, அந்தப் பேர் தன்னுடையது அல்ல, கோலுடையது என்றார்.

“இதைக் கழிச்சிட்டு யாரை வீட்டுக்குக் கூட்டிட்டுப் போவே, வேதா?”

மணி நாலு ஐம்பத்தெட்டு. ஷட்டர் பாதி இறங்கியது. அவள் தலையிலிருந்து ஹேர்பின்னை உருவினாள். ஒரு நெம்பு நெம்பினால் கோல் வந்துவிடும். ஏகாம்பரம் ஓடவில்லை. அவளையே பார்த்துக்கொண்டு நின்றார்.

அவள் ஹேர்பின்னைத் திரும்பச் செருகிக்கொண்டாள்.

எதிரே மடக்கை போடும் கவுன்ட்டர். அதற்கு மூடும் நேரமே கிடையாது. வேதவல்லி அங்கே போனாள்.

“எனக்குத் தனிச் சீட்டு. அடிமானம் பத்து. கட்டத்துல எழுதிடுங்க.”

எழுதியதைச் சரிபார்த்த பிறகுதான் கையெழுத்துப் போட்டாள். 158 சென்டிமீட்டர் 2.20 ஆனது. லூர்துராஜ் இடுக்கியால் அவளை எடுத்து டப்பாவுக்குள் நிறுத்தினார். ஷட்டரை முழுக்க இறக்கிவிட்டு, சாப்பாட்டுப் பையை எடுத்துக்கொண்டு கிளம்பினார்.

உள்ளே நல்ல விசாலம். ஏகாம்பரம் அருகில் வந்தார். இருபத்திரண்டு வருஷமாக அவள் அண்ணாந்தே பார்த்த முகம். பன்னிரண்டு சென்டிமீட்டர் வித்தியாசம் இப்போது ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு. கண்ணுக்கு நேராகக் கண் இருந்தது.

“நீ இவ்ளோ உயரமா?” என்றார் ஏகாம்பரம்.

“நீங்க இவ்ளோதானா?” என்றாள் வேதவல்லி.