மலையிறங்கும் குரல்

கல்வராயன் மலையிலிருந்து யார் இறங்கி வந்தாலும், அவர்களுடைய குரல் அவர்களைவிட அதிகமாக இறங்கிவிடும். வெள்ளிமலையில் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்த பெண் கோமுகி அணையைத் தாண்டிக் கச்சிராயபாளையம் வந்ததும், கிணற்றுக்குள் உரலை உருட்டுவதுபோல் பேசினாள். மேலே போனவர்களுக்கு நேர்மாறாக நடந்தது. கள்ளக்குறிச்சி ஆண்கள் அங்கே போய் வாயைத் திறந்தால் மைனா கத்துவதுபோல் இருக்கும். மலைப்பிள்ளைகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பார்கள். மேலே வேலைக்குப் போன வாத்தியார்களுக்கு ஒரு மழைக்காலம் தங்கினால் குரல் பழகிவிடும். ஆனால் விடுமுறைக்கு வீடு திரும்பும்போது அவர்கள் கேட்பது சோறா தண்ணீரா என்று பெற்ற தாய்க்கே விளங்காது. பனி நாட்களில் இறக்கம் கம்மி, மழைக்கு முன்னால் ஜாஸ்தி. காரணத்தை யாரும் தேடவில்லை. மலைக்காரர்கள் சந்தையில் விரல் காட்டிக் கடுக்காயும் தேனும் விற்றார்கள். விரல் காட்டியே உப்பும் துணியும் வாங்கிக்கொண்டு ஏறிப் போனார்கள்.

அந்தக் குரல்களைத் தூக்கிக் கேட்கக் கற்றுக்கொண்டவள் ஆசியா பீவி. கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் அவளுடைய அத்தா மலைச்சரக்கு வாங்கி விற்றவர். சிறு பெண்ணாக இருந்தபோதே, மலைக்காரர் யாராவது கூடையை இறக்கி வைத்தால் அதைத் தொட்டுக்காட்டி, இது என்ன என்று கையை ஆட்டிக் கேட்பாள். அவர்கள் உறுமுவார்கள். கூடையில் இருப்பது கடுக்காய் என்று கண்ணுக்குத் தெரிகிறது. ஆகவே அந்த உறுமல் ‘கடுக்காய்’ என்ற சொல்லாகத்தான் இருக்க முடியும். அது எவ்வளவு கீழே விழுந்திருக்கிறது என்று மனசுக்குள் அளந்துகொள்வாள். பிறகு அவர்கள் சொல்வதையெல்லாம் அதே அளவு மேலே தூக்கிக் கேட்டால் பேச்சு சுத்தமாக வந்துவிடும். ஒருநாள் எடுத்த அளவு மறுநாளைக்கு உதவாது. மறுபடியும் கூடையிலிருந்துதான் ஆரம்பிக்க வேண்டும். உறுமலோடு பேசுகிற பெண் என்று ஊரில் பெயராகிப்போய், வந்த வரன்கள் தள்ளிப்போயின. கடைசியில் அடுத்த தெருவில் துணிக்கடை வைத்திருந்த ஷேக் மைதீன், தன் கடைக்கு வரும் மலைக்காரர்களுக்கு என்ன நிறம் வேண்டும் என்று தெரிந்தால் போதும் என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டார்.

பிறகு தர்ம காரியமாகச் சிலர் சேர்ந்து வெள்ளிமலையில் ஒரு மருந்தகமும் கள்ளக்குறிச்சியில் அதற்கு ஒரு பிரசவ விடுதியும் திறந்தார்கள். இரண்டுக்கும் நடுவே பேசிக்கொள்ள ஒயர்லெஸ் வைத்தார்கள். காற்றில் வந்தாலும் குரல் இறங்கித்தான் வந்தது. கருவியில் ஒரு சின்னக் கறுப்புக் குமிழ் இருந்தது. அதைத் திருப்பினால் வருகிற குரலும் போகிற குரலும் சேர்ந்தே நகரும். எவ்வளவு திருப்புவது என்று கருவி சொல்லாது. அதற்கு ஆள் வேண்டியிருந்ததால் ஆசியா பீவியை வைத்துக்கொண்டார்கள். மேலே நர்ஸாக இருந்த ஜெயம்மாள் பேச ஆரம்பிக்கும் முன் “கடுக்காய், கடுக்காய்” என்று இரண்டு முறை சொல்லுவாள். ஆசியா பீவி அந்தச் சொல் நேராகும்வரை குமிழைத் திருப்புவாள். அதன் பிறகு காய்ச்சல், பேதி, பாம்புக்கடி எல்லாம் தெளிவாகக் கீழே வந்தன. மருந்தின் பெயர் தெளிவாக மேலே போனது. தன் காது இவ்வளவு பேருக்கு ஆகிறதே என்று ஒவ்வொரு தொழுகையிலும் அவள் நன்றி சொல்லிக்கொண்டிருந்தாள்.

எண்பத்தேழாம் வருஷம் புரட்டாசி பிறக்கிற நேரத்தில், இட ஒதுக்கீடு கேட்டு ஒரு வாரம் சாலை மறியல் நடந்தது. போகிற வழியெல்லாம் புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, டெலிபோன் கம்பிகள் தரையில் சுருண்டிருந்தன. ஊருக்குப் போயிருந்த ஜெயம்மாள் திரும்ப முடியாமல் மணலூர்பேட்டையிலேயே மாட்டிக்கொண்டாள். மறியலின் மூன்றாம் நாள் காலையில், வானம் மூடிக்கொண்டு வந்தபோது, ஒயர்லெஸ் தானாகப் பேசியது.

ஓர் ஆணின் குரல். அது அன்றைக்கு இறங்கியிருந்த ஆழத்தில் ஒரு சொல்லும் பிடிபடவில்லை. ஆசியா பீவி, “கடுக்காய்னு சொல்லு, கடுக்காய்” என்று கத்தினாள். அது அந்தப் பக்கம் மைனாக் கூச்சலாகத்தான் போயிருக்கும். அந்த ஆள் இன்னும் வேகமாக உறுமினான். காட்டிக் கேட்கக் கூடையும் இல்லை, தெரிந்த சொல்லும் இல்லை. குமிழை இப்படியும் அப்படியும் திருப்பினாள். எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

அப்போது அந்த உறுமலுக்குப் பின்னால் வேறொரு சத்தம் வந்தது. மெதுவாக எழுந்து, உச்சியில் உடைந்து, இழுத்துக்கொண்டே தணிந்தது. அதே நேரத்தில் சுவருக்கு அந்தப் பக்கம், பிரசவ அறையில், கொளஞ்சியம்மாள் “யம்மா” என்று கத்தினாள். அதுவும் மெதுவாக எழுந்து, உச்சியில் உடைந்து, இழுத்துக்கொண்டே தணிந்தது. கொளஞ்சியம்மாள் பக்கத்துக் கரும்புக்காட்டு ஊர்க்காரி, முதல் பிரசவம்.

ஆசியா பீவி எழுந்து நடுக்கதவைத் திறந்து வைத்தாள். அடுத்த வலி இருவருக்கும் சேர்ந்தே வந்தது. ஒரு காதில் கொளஞ்சியம்மாளின் குரலையும் மறு காதில் மலைப்பெண்ணின் குரலையும் வாங்கிக் குமிழை நிறையத் திருப்பினாள். கிட்டே வந்தன. அதற்கடுத்த வலியில் இரண்டுக்கும் நடுவே ஒரு அதிர்வு மட்டும் மிச்சம் இருந்தது. நகக்கண் அளவு திருப்பியதும் அதுவும் அடங்கி, இரண்டு பெண்களும் ஒரே குரலில் “யம்மா” என்றார்கள்.

“...காலு தெரியுதுங்க, காலு! யாராச்சும் இருக்கீங்களா? இழுத்துடட்டுமா?” என்றது ஆண்குரல்.

“இழுக்காத!” என்று ஆசியா பீவி கத்திய கத்தலில் டாக்டரம்மா கையுறையோடு ஓடி வந்தார்.

பேசியவன் இருசப்பன். வலியெடுத்த மனைவி வெள்ளச்சியைத் தோளில் தூக்கி வந்து, ஆளில்லாத மருந்தகத்தைத் திறந்து, தெரியாத கருவியின் பொத்தானை அழுத்திக்கொண்டு நின்றான். இடது பக்கமாகப் படுக்க வை, தொடாதே, மருந்தகத்து ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவா என்று டாக்டரம்மா சொன்னார். மழை நெருங்க நெருங்கக் குரல் நழுவிக்கொண்டே இருந்தது. ஒவ்வொரு வலிக்கும் ஆசியா பீவி குமிழைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி அதைப் பிடித்து வைத்திருந்தாள்.

“டிரைவர் வந்துட்டாருங்க. ஆனா ரோட்டுல மரம் கெடக்குதாமே?” என்றான் இருசப்பன்.

வாசலில் நின்றிருந்த கொளஞ்சியம்மாளின் புருஷன் ராஜாங்கம் தலையைத் தூக்கினான். “மலை ரோட்டுல கச்சிராயபாளையம் திருப்பத்துல கெடக்கிறது ஒண்ணுதான். அத நாங்கதான் சாய்ச்சோம், பீவிம்மா. நான் சொன்னாக்கூட எங்காளுங்க கேப்பாங்களான்னு தெரில. இவளையும் இப்டி வுட்டுட்டு எப்டிப் போறது?”

உள்ளேயிருந்து கொளஞ்சியம்மாள் சொன்னாள்: “போய்யா. எங்கூடச் சேந்து கத்திக்கினு இருக்கிறாய்யா அவ. போய் மரத்த நவுத்து.”

அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனான். திருப்பத்தில் பேச்சு முற்றியது. உயிர் கொடுத்துக் கேட்கிற உரிமைக்கு நடுவில் விலகி நிற்பதா என்று சிலர் மறித்தார்கள். “கத்துறது எம்பொண்டாட்டி கொரலுடா. நா காதால கேட்டன்” என்றான் ராஜாங்கம். மறித்தவர்களே கரும்பு வண்டி மாடுகளைப் பூட்டி மரத்தை ஓரமாக இழுத்தார்கள், ஜீப் போனதும் அதை இருந்த இடத்துக்கே இழுத்துப் போட்டார்கள். மறியல் தொடர்ந்தது.

மதியத்துக்குள் கொளஞ்சியம்மாளுக்குப் பையன் பிறந்தான். மழை கொட்ட ஆரம்பித்தபோது வெள்ளச்சிக்குப் பெண் பிறந்தது. கால் முதலில் வந்து, தலை கடைசியில் வந்து, டாக்டரம்மாவின் உள்ளங்கையில் அழுதது. தாயும் பிழைத்தாள். ஜீப் கிளம்பிய பிறகும் குமிழை விடாமலிருந்த கையை ஆசியா பீவி அப்போதுதான் எடுத்தாள், விரல் நிமிரவில்லை. அல்ஹம்துலில்லாஹ் என்று சொல்லிவிட்டு, நாற்காலியிலேயே சாய்ந்து கொஞ்ச நேரம் அழுதாள்.

இரண்டு பெண்களையும் அடுத்தடுத்த கட்டிலில் போட்டார்கள். அன்றிலிருந்து வெள்ளச்சி என்ன உறுமினாலும் கொளஞ்சியம்மாளுக்குக் குமிழ் இல்லாமலே புரிந்தது. கொளஞ்சியம்மாள் கீச்சிட்டதெல்லாம் வெள்ளச்சிக்கும் புரிந்தது. சாலை திறக்கும்வரை இருவரும் ஓயாமல் பேசினார்கள். மற்றவர்களுக்கு அந்த அறையில் வண்டி ஓடுவதுபோல் இருந்தது.

தை மாதச் சந்தைக்கு வெள்ளச்சி பெண்குழந்தையோடு இறங்கி வந்தபோது, கொளஞ்சியம்மாளையும் கூட்டிக்கொண்டு ஷேக் மைதீனின் கடைக்கு வந்தாள். ஒரு புட்டி தேனை ஆசியா பீவியின் கையில் வைத்து, அந்தக் கையை விடாமல் பிடித்துக்கொண்டு நெடுநேரம் உறுமினாள்.

“இன்னா சொல்றா?” என்றாள், அன்றைய அளவை இன்னும் எடுத்திராத ஆசியா பீவி.

“பொண்ணுக்கு ஒம் பேர வச்சிட்டாளாம், பீவிம்மா. ஆசியான்னு மேல கூப்ட்டுப் பாத்தாளாம். ரொம்ப தூரம் கேக்குதாம்” என்றாள் கொளஞ்சியம்மாள்.

ஆசியா பீவி பிள்ளையை வாங்கி மார்போடு அணைத்துக்கொண்டாள். அது வாயைத் திறந்தது. லாரி கிளம்புவதுபோல் ஒரு சத்தம் எழுந்து கடை அலமாரிக் கண்ணாடிகள் கடகடவென்று அதிர்ந்தன.

“பசிக்குது புள்ளைக்கு” என்றாள் ஆசியா பீவி.

ஷேக் மைதீன் ஒரு கையால் அலமாரியைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் உள்ளறைத் திரையை விலக்கித் தாய்க்கு வழி விட்டார்.