சிலுவை போட்ட கட்டுகள்

மூன்று வாரம் கெஞ்சியும் ராஜபாளையம் ஸ்டேஷனில் ஒரு மூடிய வேகன் கிடைக்கவில்லை. யுத்த காலம், இருந்ததையெல்லாம் பட்டாளம் எடுத்துக்கொண்டு போயிருந்தது. வேடிக்கை என்னவென்றால், வேதமணி அனுப்ப வேண்டியதும் பட்டாளத்துச் சரக்குதான். புண்ணுக்குச் சுற்றும் பேண்டேஜ் துணி, அறுபது கட்டு. கடைசியில், ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேகன் நிற்கிறது, வியாழக்கிழமை மூன்று மணிக்குள் ஏற்றினால் உண்டு, இல்லையென்றால் காலியாகவே போய்விடும் என்று தகவல் வந்தது.

துணி போனதற்கு ரயில்வே ரசீதைக் காட்டினால்தான் சர்க்கார் அடுத்த நூலைக் கொடுக்கும். நூல் இல்லாமல் நாற்பது தறிகள் ஏற்கெனவே நின்றுபோயிருந்தன. தறிக்காரர் வீடுகளில் கஞ்சி நாளுக்கு நாள் நீர்த்துக்கொண்டு வந்தது. வேதமணி, ராஜபாளையத்தில் ஒரு துணிக் கம்பெனியின் டெஸ்பாட்ச் கிளார்க். சரக்கை அனுப்புவது ஒன்றுதான் வேலை, அதற்கும் வக்கில்லாதவனுக்குச் சம்பளம் ஒரு கேடா என்று தன்னையே திட்டிக்கொண்டிருந்த மனுஷன், தகவலைக் கேட்டதும் ஒரு குதி குதித்தார்.

வியாழக்கிழமை விடிய ஐந்து மாட்டுவண்டிகளில் பாரம் ஏற்றியாயிற்று. முன்வண்டி சிவனாண்டியுடையது. அவன் எங்கே திரும்புகிறானோ அங்கே மற்ற நாலும் திரும்பும். பின்வண்டிக்காரர்கள் பாதித் தூக்கத்தில்தான் வருவார்கள்.

"ஏலே சிவனாண்டி, நான் சைக்கிள்ல முன்னால போறேன். நீ நேரா வில்லிபுத்தூர் கொட்டகையில கொண்டாந்து இறக்கிரு."

"எந்தக் கொட்டகைன்னு எனக்குத் தெரியாதாய்யா? நீங்க போங்க, வாரேன்."

பத்து மணிக்கு வர வேண்டிய வண்டிகள் பதினொன்றுக்கும் வரவில்லை. ஸ்டேஷன் கூட்ஸ் கொட்டகை வாசலில் வேதமணி நடந்து நடந்து செருப்பைத் தேய்த்தார். பன்னிரண்டரைக்கு மேல் பொறுக்க முடியாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு வந்த வழியே மிதித்தார். ஊர் எல்லையில் மோர் விற்றுக்கொண்டிருந்தவளிடம் விசாரித்தார்.

"சிலுவை போட்ட மூட்டை வண்டிதானய்யா? அது அப்பவே வேதக்கோயிலுக்குல்லா போச்சு."

வேதமணி சைக்கிளை வேதக்கோயில் பக்கம் திருப்பினார். ஒவ்வொரு கட்டிலும் உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்புச் சிலுவை போட வேண்டும் என்பது பட்டாள ஆஸ்பத்திரியின் உத்தரவு. ஸ்ரீவில்லிபுத்தூர் கிறிஸ்தவ சபைக்கோ இன்னும் கட்டடம் கிடையாது, ஓலைக் கொட்டகைதான். அனுப்புகிற கிளார்க் வேதக்காரர், மூட்டையில் சிலுவை, இறக்க வேண்டியது கொட்டகையில். சிவனாண்டி போட்ட கணக்கில் ஒரு குற்றமும் சொல்ல முடியாது, விடைதான் தப்பு.

கொட்டகைக்குள் அறுபது கட்டுகளும் பீடம் வரைக்கும் அடுக்கியிருந்தன. உபதேசியார் தேவஇரக்கம் முழங்காலில் நின்றுகொண்டிருந்தார். சுற்றிலும் இருபது பெண்கள். யாருடைய சேலையிலும் ஒட்டுப்போடாத இடம் இல்லை. கடைகளில் துணி கண்டு ஒரு வருஷமாகியிருந்தது.

"தம்பி," என்றார் உபதேசியார். "போன ஞாயித்துக்கிழமைதான் துணிக்காக ஜெபம் பண்ணினோம்."

வேதமணிக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம்போல் இருந்தது. சாமி கொடுத்ததை ஒரு கிளார்க் வந்து பிடுங்குவதாவது. ஆனாலும் நாற்பது தறிகளை நினைத்து, தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். ஒரு பெண் மட்டும் முன்னால் வந்தாள். ஏசம்மாள் என்று பெயர். கூலிவேலை செய்கிறவள்.

"இது காயத்துல சுத்துத துணியா?"

"ஆமாம்மா. அசாம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போகுது."

"எம் மவன் ஐயாதுரை அங்கனதான் பட்டாளத்துல இருக்கான்." அவள் குனிந்து ஒரு கட்டின் முனையைத் தூக்கினாள். "ஏட்டி, என்ன பாத்துக்கிட்டு நிக்கிய? வந்து பிடிங்க!"

அப்புறம் நடந்ததை வேதமணி கடைசி வரை நம்பவில்லை. பெண்கள் சுமந்தார்கள், உபதேசியார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சுமந்தார். சிவனாண்டி கண்மாய்க்கு ஓடி மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தான். மேட்டில் வண்டி திணறியபோது இருபது கைகள் பின்னாலிருந்து தள்ளின.

"என்னவே, இது சரக்கா, ஊர்வலமா?" என்றார் ஸ்டேஷன் வாசலில் கூட்ஸ் கிளார்க்.

மூன்றடிக்க ஐந்து நிமிடம் இருக்கும்போது கடைசிக் கட்டு வேகனுக்குள் போனது. கதவை இழுத்து சீல் வைத்தார்கள். ரசீது கைக்கு வந்ததும் வேதமணி அப்படியே பிளாட்பாரத்தில் உட்கார்ந்துவிட்டார். நூல் வந்துவிடும். திங்கட்கிழமை தறிச் சத்தம் கேட்கும். மூன்று வாரமாக நெஞ்சில் ஏறி உட்கார்ந்திருந்தது இறங்கிப் போனதில் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. சிவனாண்டிக்கென்று ஒரு வண்டி வசவு சேர்த்து வைத்திருந்தார். ஒன்றுகூட வாயில் வரவில்லை.

"கோவிக்காதீங்கய்யா. சிலுவையப் பாத்தா வேற எங்கன கொண்டு போவேன்?"

"போலே, போய் மாட்டுக்குத் தண்ணி காட்டு."

கூட்ஸ் வண்டி நகர்ந்தது. வேலி ஓரத்தில் ஏசம்மாள் மட்டும் போகாமல் நின்றாள். வேதமணி எழுந்து அவளிடம் போனார்.

"உங்களுக்குத் துணி இல்லாமப் போச்சேம்மா."

"அது கெடக்கட்டும். எம்புட்டு நாள்ல போய்ச் சேரும்?"

"பத்துப் பன்னெண்டு நாள்ல போயிரும்."

கடைசிப் பெட்டி மறையும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு அவள் சிரித்தாள்.

"ஏழு மாசமாக் கடுதாசி இல்ல தம்பி. ஒரு முறுக்கு அனுப்பக்கூட வெலாசம் தெரியாது. இன்னிக்கித்தான் அவனுக்கு எங்கையால ஒண்ணு அனுப்பிருக்கேன்."