பன்னிரண்டடிக்கும் பதினெட்டடிக்கும் நடுவே

செஞ்சியில் லாரி நிறுத்த எழிலரசன் ஒரு பள்ளத்தை வாங்கியிருந்தான். ஓரத்தில் கருங்கல் சுவர் கட்டி, அதன் பின்னால் மண் கொட்டி மேடாக்க வேண்டும். எவ்வளவு உயரம் கொட்டலாம் என்று தங்கை வளர்மதியைக் கேட்டான். எந்தச் சுமையில் மண்ணும் சுவரும் சரியும் என்று கம்ப்யூட்டரில் கணக்கிடுவதுதான் சென்னையில் அவள் வேலை.

அடுத்த முறை சொந்த ஊரான சிங்கவரத்துக்கு வந்தபோது சொன்னாள்.

"ரெண்டு பக்கமிருந்து தேடணும்ணா. பாரத்தை மண்ணு எப்படியெல்லாம் பகிர்ந்து தாங்கும்னு ஒரு கணக்கு தேடுது. பன்னெண்டு அடி நிச்சயம் நிக்கும்னுது. எந்த வழியில சுளுவா சரியும்னு இன்னொண்ணு தேடுது. பதினெட்டுக்கு நிக்கவே நிக்காதுன்னுது."

"நடுவுல?"

"தெரியாது. இன்னும் பொடியாப் பிரிச்சுத் தேடுனா ரெண்டும் கிட்ட வரும். பத்து நாள் குடு. அதுவரிக்கும் பன்னெண்டைத் தாண்டாத."

"சரி பாப்பா."

மழை வருவதற்குள் முடிக்க நினைத்தான் எழிலரசன். நான்காம் நாள் போன் செய்தான். "பதினாலு கொட்டிட்டேன். சொவுரு அசையக்கூட இல்ல. இன்னா படிச்சியோ போ!"

"அய்யோ, நிறுத்துண்ணா!" என்று அவள் கத்தும்போதே அவன் போனை வைத்துவிட்டான். மறுபடி எடுக்கவேயில்லை. மறுநாள் காலையில் பஸ் ஏறினாள். செஞ்சியில் இறங்கியபோது பஸ் ஸ்டாண்டே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. மேலும் கொட்டிப் பதினாறடி ஆனதும் சுவர் விழுந்துவிட்டது. கீழே கல் இடுக்கில் சிமென்ட் பூசிக்கொண்டிருந்த கொத்தனார் கன்னியப்பன் செத்துப்போனார்.

ஒரு வாரம் கழித்து அண்ணன் தங்கை இருவரையும் போலீஸ் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வாசலில் அம்மா ராஜாம்பாள் வளர்மதியின் கையைப் பிடித்தாள். "கூடப் பொறந்தவன்டி. மழைன்னு சொல்லிடு."

மழை ஒரு சொட்டுகூடப் பெய்திருக்கவில்லை.

உள்ளே எழிலரசன் அவள் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "தங்கச்சிதான் சார் பதினெட்டு அடி தாங்கும்னுச்சு. இஞ்சினியரு பேச்ச நம்பித்தான் கொட்டினேன்."

வளர்மதி நடந்ததையெல்லாம் சொன்னாள், அண்ணன் போனில் கேலி செய்ததையும்.

"அப்ப எவ்ளோதாம்மா தாங்கும்?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"நேத்துதான் முடிச்சேன் சார். பதினஞ்சரை."

பெஞ்சில் உட்கார்ந்திருந்த கன்னியப்பன் மனைவி நாகம்மாள் தலை நிமிர்ந்தாள். "இப்ப அது எதுக்கும்மா?"

வளர்மதி தன் வாக்குமூலத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு வெளியே வந்தாள். கைதான எழிலரசன் ஜாமீனில் வந்துவிட்டான். அம்மா அவள் போனை எடுப்பதில்லை. பள்ளத்தில் வேறு ஒரு கொத்தனார் கல் அடுக்கிக்கொண்டிருக்கிறார்.